ஆடித் தள்ளுபடியில் இரண்டு முழங்கால்

தங்கபுஷ்பத்துக்கு முழங்கால் வலி வந்து வருஷக்கணக்காகிவிட்டது. அது வீட்டுப் பிரச்சினையாக மாறியது இந்த வருஷம் தை மாதத்தில்தான். கடையில் உட்கார்ந்த இடத்திலிருந்து அவளைத் தூக்கிவிட விற்பனைப் பெண்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கை கொடுத்ததை மகன் ஜவஹர் பார்த்துவிட்டான்.

தி. நகரில் அவர்களுடைய துணிக்கடை. இரண்டாவது மாடி முழுக்கப் பட்டு. சுற்றியிருந்த கடைகளெல்லாம் கண்ணாடி மேஜைக்கு மாறிவிட்ட பிறகும் இங்கே மட்டும் வெள்ளை விரித்த மெத்தை கிடந்தது. அதற்குக் காரணம் தங்கபுஷ்பம். தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்த கையோடு மாமனார் அவளை உட்கார்த்திய இடம் அது. புருஷன் போன பிறகு, அவளுக்கென்று இருந்தது அந்த இடம் ஒன்றுதான். கல்யாணப் பட்டு எடுக்க வருகிற குடும்பங்கள் மேலே ஏறியதும் முதலில் ‘அம்மா இல்லையா?’ என்றுதான் கேட்கும். அவளும் சம்மணம் போட்டபடியே புடவையை வீசி விரித்து, “நம்பி எடுத்துட்டுப் போங்க, நான் இங்கனதான இருக்கேன்” என்பாள். அந்த ஒரு வாக்கியத்தில் விற்ற புடவைகளை வரிசையாக விரித்தால் மாம்பலம் ஸ்டேஷனைத் தாண்டிப் போகும்.

ஜவஹர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டான். “தீபாவளிக்குள்ள கால் சரியாகலன்னா நீ வீட்ல இரும்மா. பட்டு மாடியை அனுப்ரியா பாத்துக்கிடுவா.”

அனுப்ரியா அவன் மனைவி. நல்ல பெண். கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும். அசோக் நகர் வீட்டில் விடிந்தது முதல் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியை நினைத்துப் பார்க்கவே தங்கபுஷ்பத்துக்குப் பிடிக்கவில்லை.

ஊசி போட்டால் நடக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஒருநாள் தனியாக ஆட்டோ பிடித்து மயிலாப்பூரில் டாக்டர் ஸ்ரீஹரியைப் போய்ப் பார்த்தாள். பழைய கட்டடம், ஆடுகிற பெஞ்சு, பேருக்கு நாலு பேர் கூட்டம். அதைப் பார்த்தபோதே அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. கூட்டமில்லாத கடைக்குள் அவள் ஏறியதே இல்லை. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார், சர்க்கரையின் அளவைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்தச் சர்க்கரையோட இப்ப ஊசி போட மாட்டேம்மா. ஸ்டீராய்டு உள்ள போனா இன்னும் எகிறும். மொதல்ல இதைக் குறைச்சிட்டு வாங்க. அப்புறம் ஒரு காலுக்கு மட்டும் போட்டுப் பாக்கலாம்.”

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஊசியால் தேய்ந்த மூட்டு வளராது, சில மாதத்துக்கு வலி அடங்கும், அவ்வளவுதான் என்றார். தரையில் உட்காருவதை இன்றோடு விட்டுவிட வேண்டும், மாடிப்படியும் கூடாது என்றார். காசோடு வந்தவளைத் திருப்பி அனுப்புகிற மனுஷன் எந்த ஊரில் பிழைப்பான் என்று திட்டிக்கொண்டே அவள் ஆட்டோ ஏறினாள். அந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று மகனிடம் சொன்னாள். சர்க்கரை விஷயத்தைச் சொல்லவில்லை. ஆடி விற்பனைக்குச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த ஜவஹரும் தோண்டிக் கேட்கவில்லை.

அவனாகப் பார்த்துப் பிடித்ததுதான் இந்தக் கண்ணாடிக் கட்டட ஆஸ்பத்திரி. கடையிலிருந்து காரில் பத்து நிமிஷம். வாசலில் ஆள் உயரத்துக்குப் பேனர்: மூட்டு வலிக்கு ஆடித் தள்ளுபடி, இரண்டு முழங்காலுக்கும் சேர்த்துப் போட்டால் மூன்றாவது ஊசி இலவசம், ஆடி மாதம் மட்டும். உள்ளே உட்கார இடமில்லை. தங்கபுஷ்பத்துக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று. ஜவஹர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நின்ற நேரத்தில், மேஜையில் இருந்த பெண், சுகர் இருக்கிறதா என்று கேட்டாள்.

“இல்லம்மா” என்றாள் தங்கபுஷ்பம்.

அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விரலைக் குத்தவும் இல்லை. அடுத்த நிமிஷமே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

படுக்கையில் சாய்த்து, புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, இரண்டு காலிலும் பேனாவால் புள்ளி வைத்தார்கள். ஸ்பிரிட் பஞ்சு பட்டதும் ஜில்லென்று உடம்பு தூக்கிப்போட்டது. பயமாகத்தான் இருந்தது. மயிலாப்பூர்க்காரர் கண்ணாடியைக் கழற்றிய முகம் வேறு குறுக்கே குறுக்கே வந்தது. மெத்தையை நினைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் பல்லைக் கடித்தால் போதும், தீபாவளிக்குத் தன் இடத்தில் உட்கார்ந்துவிடலாம்.

அப்போதுதான் நர்ஸ் தட்டைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். அதில் ஊசி மருந்தின் பெட்டி இருந்தது. பெட்டியின் ஓரத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், அதற்கு அடியிலிருந்து இன்னொரு ஸ்டிக்கரின் விளிம்பு எட்டிப் பார்த்தது.

வேறு யாராக இருந்தாலும் கண்ணில் பட்டிருக்காது. ஆனி மாதக் கடைசியில் ஆடிக்குச் சரக்குப் பிரிப்பது தங்கபுஷ்பத்தின் வேலை. மடிப்பில் வெளுத்தது, இரண்டு தீபாவளி பார்த்தும் விலைபோகாதது, எலி கடித்த ஓரத்தை உள்பக்கமாக மடித்துவைத்தது எல்லாவற்றையும் அவள்தான் ஒதுக்குவாள். பழைய விலைமேல் புது ஸ்டிக்கரை நகத்தால் தேய்த்து ஒட்டுவதும் அவள்தான். ஆடியில் நல்ல சரக்கை எந்தப் பைத்தியக்காரன் தள்ளுபடிக்கு வைப்பான்? பேனரைப் பார்த்தபோது இது ஏன் உறைக்கவில்லை என்று இப்போது தன்னையே நொந்துகொண்டாள்.

“அந்தப் பெட்டியைக் கொஞ்சம் காட்டும்மா” என்றாள்.

நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். சின்ன வயசு டாக்டர், கையில் உறை மாட்டி ஊசியோடு தயாராக நின்றார். அவர் கண்ணைக் காட்ட, நர்ஸ் தட்டைப் பின்னால் நகர்த்தினாள். வெளியே இன்னும் நிறைய பேர் காத்திருப்பதாக டாக்டர் சொன்னார். தங்கபுஷ்பம் மறுபடி கேட்டாள். அவர் சிரித்த முகமாகவே குனிந்து அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

“நம்பிப் போட்டுக்கோங்கம்மா. நான் இங்கதான இருக்கேன்.”

தங்கபுஷ்பம் அவர் முகத்தையே பார்த்தாள். சொல் மட்டுமில்லை, அந்தச் சிரிப்பு, அந்தத் தட்டிக்கொடுத்தல் எல்லாம் அவளுடையவை. எலி கடித்த ஓரத்தை உள்ளே மடித்துக்கொண்டே அவள் அதே குரலில் சொல்லியிருக்கிறாள். வாங்கிப் போனவர்கள் முகம் ஒன்றுகூட நினைவில் இல்லை.

ஊசி முனை தோலுக்கு அருகில் வந்துவிட்டது. அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அந்த இழுப்பில் மூட்டுக்குள் யாரோ கத்தியைச் செருகிய மாதிரி வலித்தது. டாக்டர் பதறிப்போய்க் கையைத் தூக்கினார்.

“எனக்குச் சுகர் இருக்கு. பொய் சொன்னேன்” என்றாள்.

டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. நர்ஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தங்கபுஷ்பம் புடவையை இறக்கிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வெளியே வந்தாள். அந்த ஸ்டிக்கருக்கு அடியில் என்ன இருந்ததென்று கடைசிவரை அவளுக்குத் தெரியாது.

காரில் ஜவஹர் கத்தித் தீர்த்தான். கடையில் கால் வைக்க இடமில்லை, இன்றைக்குப் பார்த்து இப்படிப் பண்ணலாமா என்று ஸ்டியரிங்கை அடித்தான். அவன் ஓய்கிறவரை காத்திருந்து, மயிலாப்பூரில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டான். சொன்னாள். பச்சை விளக்கு விழுந்தும் அவன் வண்டியை எடுக்காததால் பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

“செத்துகித்துப் போயிருந்தா என்னம்மா பண்ணியிருப்பேன்?” என்றான் கடைசியில். குரல் உடைந்திருந்தது.

“மயிலாப்பூர்க்காரர்ட்டயே போவோம். அவரு சொல்லுத வரைக்கும் ஊசி வேண்டாம்” என்றவள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அடுத்ததைச் சொன்னாள். “பட்டை அனுப்ரியாட்ட குடுத்துரு. மெத்தையையும் எடுத்துரச் சொல்லு. அவளுக்கு மேஜைதான் சரிப்படும்.”

அழக் கூடாது என்று வைராக்கியமாகக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குப் போக மனசில்லை. கடையின் தரைத்தளத்தில், ஆடிக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பெண்கள் தோள் இடித்துக்கொண்டு புடவைகளைக் கிளறினார்கள். மாடிப்படியில் வழிவிடச் சொல்லும் சத்தம் கேட்டது. சுருட்டிய மெத்தையை முன்னும் பின்னுமாகத் தூக்கிக்கொண்டு விற்பனைப் பெண்கள் இறங்கி வந்தார்கள். வெள்ளை விரிப்பை எடுத்துவிட்டிருந்ததால், அவள் பார்த்தே பல வருஷமான நீலக் கோடு போட்ட உறை தெரிந்தது. எங்கே வைப்பதென்று தெரியாமல் அதை அவள் காலடியிலேயே இறக்கி வைத்தார்கள்.

குவியலில் கிளறிக்கொண்டிருந்த ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். கக்கத்தில் ஏற்கெனவே நாலு புடவை. மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தாள்.

“இதுவும் ஆடித் தள்ளுபடியா ஆயா? எவ்ளோ?”

விற்பனைப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கபுஷ்பம் குனிந்து மெத்தையைத் தடவினாள். நடுவில், சரியாக ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அகலத்துக்கு, பஞ்சு தட்டையாகிக் கிடந்தது கைக்குத் தெரிந்தது.

“நடுவுல அமுங்கிப்போயிருக்கும்மா” என்றாள். “நம்பி எடுக்காத.”