காணாமல் போன இருபத்து மூன்று சதவீதம்

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் வித்யாலக்ஷ்மி பதில் சொல்லியாக வேண்டும். கல்கத்தாவின் செக்டர் ஃபைவில் ஒரு மென்பொருள் நிறுவனம் அவளை வேலைக்கு அழைத்திருந்தது. பழைய வேலையை விட்டுப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அந்தப் பதினான்கு மாதங்களும் அவளும் செந்தில்நாதனும் டாக்குரியாவில் அவளுடைய ஃப்ளாட்டின் பின்னறையில் உட்கார்ந்து ஒரே ஒரு மென்பொருளைச் செய்துகொண்டிருந்தார்கள். வேறொரு மென்பொருள் மெதுவாக ஓடினால், அதன் எந்தப் பகுதி எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று சதவீதத்தில் காட்டும் கருவி அது. வெளியார் ஐந்து பேர் தங்கள் சொந்த வேலைக்கு அதை இரண்டு வாரம் பயன்படுத்திக் குறை சொல்ல வேண்டும். ஐந்து பேர் கிடைத்தால் தொடர்வது, கிடைக்காவிட்டால் அவள் வேலைக்குப் போவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள்.

ஆள் சேர்க்கும் பொறுப்பை அவளுடைய அப்பா ஸ்ரீனிவாசராகவன் தானாகவே எடுத்துக்கொண்டார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தெற்கு கல்கத்தாவில் அவருக்குத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. யார் வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான் என்று நினைவிலிருந்தே ஃபோன் செய்தார். ஒரே வாரத்தில் பதினோரு பேர் சேர்ந்தார்கள். பத்துப் பேர் பிரமாதம் என்று எழுதியும் அனுப்பினார்கள்.

புதன்கிழமை காலை செந்தில் கணக்கெடுத்தான். ஒவ்வொருவரும் கருவியை எத்தனை முறை ஓட்டினார்கள் என்ற எண்ணிக்கை, அவர்கள் சம்மதத்தோடுதான், இவர்களுக்கு வந்துகொண்டிருந்தது.

“பிரமாதம்னு எழுதின பத்துப் பேருக்கும் சைபராத்தான் இருக்குக்கா.”

“அபிநவ் கூடவா? போன வாரம்தானே ரெண்டு பாரா எழுதினான்?”

“எழுதியிருக்காரு. நம்ம வெப்சைட்ல இருக்கதையே மாத்தி எழுதியிருக்காரு. நம்ம எழுத்துப்பிழையும் அப்படியே இருக்கு.”

அவள் அபிநவை அழைத்தாள். அவன் கொஞ்சம் மென்று விழுங்கிவிட்டு ஒப்புக்கொண்டான். “மாமாவே ஃபோன் பண்ணிக் கேட்டா எப்படி மாட்டேன்னு சொல்றது? அம்மா வேற பக்கத்துல நின்னுண்டு, அஞ்சு ஸ்டாராப் போட்டுடுன்னா. தப்பா எடுத்துக்காதீங்கோ.”

அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் இடத்தில் இருந்தால் அவளும் அதைத்தான் செய்திருப்பாள்.

பதினோராவது ஆள் சாய்பிரியா. கிடர்பூரில், கப்பல் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதங்கள் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தின் ஒரே புரோகிராமர். அவள் பெயருக்கு நேரே நாற்பத்தொன்று என்றிருந்தது. அவள் மட்டும்தான் எதையும் பாராட்டவில்லை. அன்று காலை அவளிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது: ‘எல்லா வரியையும் கூட்டினால் எழுபத்தேழுதான் வருகிறது. மீதி இருபத்து மூன்று எங்கே? நேரில் வர முடியுமா?’

கரியாஹாட்டில் பஸ் ஏறினார்கள். கிடர்பூர் பாலத்துக்கு முன்னால் லாரிகளின் பின்னே பஸ் அரைமணி நேரம் நின்றது. அப்போது செந்தில் கேட்டான்.

“அக்கா, அந்த இருபத்து மூணு என்னன்னு உங்களுக்குத் தெரியும்லா?”

தெரியும். நேரத்தை அளக்க அவர்களுடைய கருவியும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்கும் நேரம் பிடிக்கிறது. முதலில் செய்த அறிக்கைகளில் எப்போதும் அவர்கள் கருவியின் பெயர்தான் உச்சியில் வந்து நிற்கும். ‘பாக்கறவா கண்ல முதல்ல இதுவா படணும்? எடுத்துடு’ என்று அவள்தான் சொன்னாள். செந்தில் அந்த வரியை எடுத்துவிட்டான். வரி போயிற்று, அது தின்ற நேரம் போகவில்லை.

“தசமத்தை ரவுண்டிங் பண்ணதுல வந்த வித்தியாசம்னு சொல்லிருவோமா? இருக்கது ஒரே ஒரு ஆளு.”

“இருபத்து மூணு ரவுண்டிங்காடா? கூட்டிப் பாத்தவகிட்ட போய்ச் சொல்லு.”

அலுவலகம் முதல் மாடியில் இருந்தது. சாய்பிரியா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். முப்பது வயது இருக்கும். அவள் தமிழில் பாதி வங்காளம்; அக்காவுக்குத் தீதி, அண்ணனுக்குத் தாதா. மண்குவளைகளில் தேநீர் வரவழைத்தாள். “சா குடிங்க தீதி. தூரத்திலேர்ந்து வந்திருக்கீங்க.” பிறகு ஒரு நோட்டைத் திறந்து வைத்தாள். நாற்பத்தொரு அறிக்கைகளின் கூட்டுத்தொகையையும் தேதியோடு எழுதியிருந்தாள். எழுபத்தேழு, எழுபத்தாறு, மறுபடி எழுபத்தேழு.

“என் புரோகிராம்லதான் ஏதோ ஒளிஞ்சிருக்குன்னு நினைச்சேன். கன்டெய்னர் நம்பரை லிஸ்டோட சேர்த்துப் பார்க்கிற பகுதி மேலதான் சந்தேகம். அதை முழுசாப் பிரிச்சு வேற மாதிரி எழுதினேன். திங்கட்கிழமை அது உட்கார்ந்துடுச்சு. காகிதம் வராம அரை நாள் லாரியெல்லாம் வாசல்ல நின்னுச்சு. தாதா இன்னும் என்கூடப் பேசலை.” கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்த முதலாளியைக் கண்ணால் காட்டினாள். “மீதி எங்கேன்னு தெரிஞ்சாப் போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

செந்தில் தன் குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அது உங்களோடது இல்லை,” என்றாள் வித்யாலக்ஷ்மி. “எங்க கருவி எடுத்துக்கற நேரம். ரிப்போர்ட்ல தெரியாம மறைச்சுட்டோம். மறைக்கச் சொன்னது நான்.”

சாய்பிரியா பேனாவை மூடினாள்.

“எதுக்கு?”

“பாக்க நன்னா இருக்கணும்னு.”

“பத்து நாள் தேடினேன், தீதி. உங்க கருவி பேர் மேல இருந்திருந்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும்.”

சாய்பிரியா குரலை உயர்த்தவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணினியிலிருந்து கருவியை நீக்கினாள். “இந்த மெஷின்ல இனிமே வேண்டாம். உங்க நேரம் அஞ்சு சதவீதத்துக்குக் கீழே வந்தா சொல்லுங்க. சா ஆறுது, குடிங்க.”

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

வியாழக்கிழமை எடுத்த வரியைத் திரும்பச் சேர்த்தார்கள். பதினோரு பேருக்கும் நடந்ததை உள்ளபடி எழுதிப் புதிய பதிப்பை அனுப்பினார்கள். வெள்ளி மதியத்துக்குள் நான்கு பதில்கள் வந்தன. நான்கு பேரும் கருவியைத் திறந்தே பார்க்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். அது போக அபிநவ் ஒரு வாழ்த்து அனுப்பியிருந்தான்.

ஐந்து மணிக்குச் செந்தில் திரையைத் திருப்பிக் காட்டினான். சாய்பிரியாவின் பெயருக்கு நேரே நாற்பத்திரண்டு. ‘சொந்த லேப்டாப்பில் ஓட்டினேன். கூட்டினால் நூறு வருகிறது. அதில் உங்களுடையது பத்தொன்பது’ என்று எழுதியிருந்தாள். வேறு ஒரு சொல்லும் இல்லை.

“ஒரு ஆளு திரும்பி வந்துட்டாக்கா.”

“ஒரு ஆள்தான்டா. அஞ்சுன்னு பேசினோம்.”

அவன் தலையசைத்தான். “எனக்கு என்ன, எங்கயாவது ஒரு வேலை கிடைச்சிரும். நீங்க வர்றேன்னு அவங்களுக்குப் பதில் போடுங்க.”

அவள் நிறுவனத்தின் கடிதத்தை இன்னொரு முறை படித்தாள். திங்கட்கிழமை சேர்ந்துவிடுவதாக எழுதி, ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள். சந்தோஷமோ துக்கமோ வரவில்லை. முதுகுதான் வலித்தது.

“சாய்பிரியாவுக்கு என்னன்னு பதில் போட?” என்றான் செந்தில்.

“உள்ளதைப் போடு. நான் வேலைக்குப் போறேன். இனிமே ஞாயித்துக்கிழமைதான் பாக்க முடியும், அஞ்சுக்குக் கீழே வர மாசக்கணக்காகும்னு போடு. அதுவரைக்கும் காத்திருப்பாளான்னு கேளு.”

அவன் தட்டச்சு செய்து அனுப்பினான். அவர்கள் லேப்டாப்பை மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது.

‘இருக்கிறேன். என் புரோகிராம் இன்னும் மெதுவாகத்தான் ஓடுகிறது.’