சின்னவர் தலையில் இரண்டு நகக்கனம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு புவியியல் கையேட்டில் எங்கள் மலை மாகாணத்துக்கு மூன்று வரி ஒதுக்கியிருந்தார்கள். 'நிலம்: மேடு பள்ளமானது. காலநிலை: குளிர்ச்சியானது. மக்கள்: உழைப்பாளிகள்.' அவ்வளவுதான். மேடு பள்ளம் என்றால் சாலையில் கிடக்கும் குழியா? உழைக்காத மக்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், அந்த ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு? மூன்றே வரியில் எங்கள் கதையை முடித்துவிட்டார்களே என்று பொருமிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"வானத்தை முட்டும் சிகரங்களின் மடியில், மேகங்கள் தவழும்—"

[அடித்துவிட்டேன். எங்கள் சிகரங்கள் வானத்தை முட்டுவதில்லை. முட்டியிருந்தால் இந்நேரம் ஊர் பூராவும் சொல்லிக்காட்டியிருப்போம்.]

இரண்டாவது:

"மாகாணத்தில் இரண்டு மலைத்தொடர்கள். மேற்குத் தொடரின் உச்சியைப் பெரியவர் என்பார்கள். கிழக்குத் தொடரின் உச்சி, சின்னவர்."

இது இருக்கட்டும்.

2

மழை கிழக்கிலிருந்து வருகிறது. சின்னவரின் கிழக்குச் சரிவுக்கு மழைப் பக்கம் என்று பெயர். அங்கே சுவரெல்லாம் பாசி. துவைத்துப் போட்ட சட்டை காய்வதற்குள் அதைப் போடவேண்டிய கல்யாணமே முடிந்துவிடும். பேச்சும் நிதானமாகத்தான் வரும். மழை விடும்வரை வீட்டுக்குள்தானே இருக்கப் போகிறார்கள், என்ன அவசரம்? அங்கிருந்து மேற்கே வந்து பெரியவரைத் தாண்டி இறங்கினால் வெயில் பக்கம். மழை தலைகாட்டினாலே பெரிய விஷயம். தொண்டை காய்ந்த சனம், ஆகவே பேச்சு வெடுக்கென்று இருக்கும். இரண்டுக்கும் இடையில் மேய்ச்சல்காரர்களின் நடுமேடு.*

(* மேய்ச்சல்காரர்கள் இரண்டு மலையிலும் ஏறி இறங்குகிறவர்கள். எது உயரம் என்று கேட்டால், அன்றைக்கு எந்தப் பக்கம் நிற்கிறார்களோ அந்தப் பக்கத்து மலையைக் காட்டுவார்கள். குளிர்காலத்தில் ஆடுகளைக் கட்ட இடம் வேண்டுமே.)

வெயில் பக்கத்தில் ஏன் மழை இல்லை என்று யாரைக் கேட்டாலும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரே பதிலைச் சொல்வார்கள்: "எங்க பெரியவர் அவ்வளவு உசரம். மேகத்தால ஏற முடியல." கிணறு வற்றினாலும் அதே பதில்தான். வறட்சியைப் பதக்கம் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிகிற கூட்டம் வேறெங்காவது உண்டா? நானும் அந்தக் கூட்டம்தான். ஆகவே உயரம் சம்பந்தமாக நான் எழுதுவதைக் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

3

இனி ஆட்கள்.

மாகாண மண்டபத்தின் கூடத்தில் வைப்பதற்காக, மாகாணம் முழுவதையும் மலையும் பள்ளத்தாக்குமாகப் பிளாஸ்டரில் மாதிரி வடிவமாகச் செய்துகொண்டிருக்கிறாள் ஒருத்தி. பட்டறையில் எல்லாரும் அவளைப் பிளாஸ்டர் அக்கா என்பார்கள். பிறந்தது வெயில் பக்கம். அட்டைகளை உயரவாரியாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேலே பிளாஸ்டர் பூசி, ஓடைகளைக் கரண்டி முனையால் கீறி, வேலை ஏறத்தாழ முடிந்துவிட்டது. வண்ணம்தான் பாக்கி. நாளை திறப்பு விழா.

அப்போதுதான் நில அளவைத் துறை அதிகாரி வந்து நின்றார்.

"அக்கா, புது அளவு வந்துடுச்சு. சின்னவர்தான் உசரம்."

"பழைய வரைபடத்துல அப்படி இல்லையே?"

"அந்த உச்சி என்னைக்கு மேகத்தை விட்டு வெளிய வந்திருக்கு? குத்துமதிப்பா அளந்துட்டாங்க."

"அப்ப நம்ம பக்கம் மழை வராதது?"

"மேகம் சின்னவர் மேலயே கொட்டித் தீத்துடுதுக்கா. பெரியவர்கிட்ட வர்றப்ப சரக்கு காலி." அவர் மாதிரியைக் குனிந்து பார்த்தார். "இதுல பாத்தா ரெண்டு நகக்கனம் வித்தியாசம். அப்படியே விட்டுடுங்க. யாரு கண்டுபிடிக்கப் போறா?"

அதிகாரி வெளியூர்க்காரர், எங்களைத் தெரியாது. ஆனால் அக்காவுக்குக் கவலை கண்டுபிடிக்கப் போகிறவர்களைப் பற்றியல்ல, அவள் அப்பாவைப் பற்றி. அவர் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். பெரியவர் கண்ணில் படுகிற வளைவில் வண்டியை மெதுவாக்கி, தூங்குகிற பயணியையும் எழுப்பிக் காட்டுவார். யாராவது அலுத்துக்கொண்டால் அடுத்த நிறுத்தம்வரை அவரோடு பேச மாட்டார். ஓய்வு பெற்ற பிறகும் பஸ் நிலையத்துக்குப் போய், 'மண்டபத்துல பெரியவர நிறுத்தப் போறது என் பொண்ணு' என்று ஆள் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். விழாவுக்காக இன்றே பஸ் ஏறிவிட்டார்.

4

அக்காவின் கணவர் தச்சர். மாதிரிக்கு அடிப்பலகை போட்டவர் அவர்தான். மழைப் பக்கத்துக்காரர். கல்யாணத்தன்றே பெண் வீட்டார் அவருக்குக் 'குட்டை மலை மாப்பிள்ளை' என்று பட்டம் கட்டிவிட்டார்கள், இன்றுவரை கழற்றவில்லை.

"செய்தி கேட்டுத் தச்சர் வயிறு குலுங்கச் சிரித்தார்."

[இந்த வரியை ஒருநாள் முழுக்க வைத்திருந்து அடித்தேன். அப்படிச் சிரிக்கிறவராக இருந்தால் அக்கா அவரோடு இவ்வளவு காலம் குடித்தனம் செய்திருக்க மாட்டாள். மழைப் பக்கத்துக்காரரை நல்லவராக எழுத எனக்குக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.]

"என்னங்க, கேட்டீங்களா?"

"காதுல விழுந்துச்சு."

"ஒண்ணுமே சொல்லலையே?"

"நான் என்ன சொல்றது? பலகைய இழைச்சிட்டிருக்கேன்."

"சிரிக்கிறீங்க."

"என் மூஞ்சியே இப்படித்தான்." பிறகு இழைப்புளியைக் கீழே வைத்தார். "மாமா ஆசையா வர்றாரு. இப்படியே விட்டுடு. இவ்வளவு காலம் குட்டையா இருந்துட்டோம், இன்னும் கொஞ்ச காலம் இருந்தா கொறஞ்சா போயிடுவோம்?"

அவர் குத்திக்காட்டியிருந்தால் அக்கா சண்டை போட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பாள். விட்டுக்கொடுத்ததுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

"தப்புன்னு தெரிஞ்ச மலைக்கு வண்ணம் அடிக்க எனக்குக் கை வராதுங்க," என்றாள். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பிளாஸ்டரைக் குழைத்தாள். "அப்பா மூஞ்சிலதான் எப்படி முழிக்கிறதுன்னு தெரியல."

5

இந்த இடத்தில் நான் வெகுநாள் மாட்டிக்கொண்டு நின்றேன். எழுதிப் பார்த்த முடிவுகளை மறைக்காமல் தருகிறேன்.

அ) அப்பா வருகிறார், விஷயத்தைக் கேட்கிறார், ஒரு வார்த்தை பேசாமல் பஸ் நிலையத்துக்குத் திரும்பி நடக்— [சண்டை போடாமல் ஒரு இடத்தை விட்டுக் கிளம்புகிறவர் வெயில் பக்கத்துக்காரரே இல்லை.]

ஆ) அக்கா கிண்ணத்தை மேசைக்கடியில் தள்ளிவிடுகிறாள். பெரியவர் பெரியவராகவே நிற்கிறார். [இதை எழுதும்போது எனக்கு வாயெல்லாம் பல். அதனாலேயே சந்தேகப்பட்டு நிறுத்தினேன்.]

6

அக்கா பிளாஸ்டரைக் குழைத்து முடிப்பதற்குள் அப்பா பையோடு நேராகப் பட்டறைக்கு வந்தார். மாதிரியை ஒரு சுற்றுச் சுற்றினார். தான் வண்டி ஓட்டிய பாதையைக் கண்ணாலேயே ஓட்டிப் பார்த்துப் பெரியவர் முன்னால் வந்து நின்றார்.

"அச்சு அசல்," என்றார். மகளைத் திரும்பிப் பார்த்தவர், "கையில என்னம்மா கிண்ணம்?" என்றார்.

அக்கா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"எவன் அளந்தான்? கூப்பிடு அவன!"

"கூப்பிட்டா மட்டும் மலை குனியுமாப்பா?"

அப்பா தச்சரை முறைத்தார். தச்சர் ஏற்கெனவே வழவழவென்று இருந்த பலகையை மறுபடி இழைக்கத் தொடங்கியிருந்தார்.

"அப்ப மேகத்த நிறுத்தினது நம்ம ஆளு இல்ல?"

"இல்லப்பா. சின்னவர்."

அப்பா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். எழுதிக்கொண்டிருந்த எனக்கே பகீரென்றது. இந்த மனிதரிடமிருந்து மலையைப் பிடுங்கிவிட்டு, பதிலுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் அவருக்கு என் தயவு தேவைப்படவில்லை.

"பெரியவரால மழை வரலேன்னா அதுல ஒரு கவுரவம் இருந்துச்சு," என்றார் மெல்ல. "இப்ப அதுவும் இல்ல. வெறும் வறட்சி." பிறகு கழுத்து நிமிர்ந்தது. "அந்த வெறும் வறட்சியிலயா நாம ஊரு கட்டினோம்? பாறைய வெட்டித் தண்ணி கொண்டாந்தோம், பள்ளிக்கூடம் வெச்சோம், புள்ளைங்கள ஆளாக்கினோம். இத்தன நாளா எல்லாப் பெருமையையும் அந்த மலைக்குக் குடுத்துட்டேன் பாரு. பூரா நாம செஞ்சதும்மா!"

சொல்கிறேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்: இந்த வரியை எழுதியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து அறைக்குள்ளேயே நடந்தேன்.

அப்பா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "உசரத்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்களே வெச்சுக்கட்டும். ஆனா நாளைக்கு யாராவது கேட்டா சொல்லு, சின்னவர உசத்துனதே எங்க பக்கத்துப் பொண்ணுதான்னு."

"பலகை நான் போட்டது மாமா," என்றார் தச்சர்.

"அடியில கெடக்குறத யாரு பாக்குறா மாப்பிள்ளை?" அப்பா கையை நீட்டினார். "கிண்ணத்தக் குடும்மா. நானே வைக்கிறேன்."

அக்கா தயங்கினாள். தச்சர் கண்ணாலேயே 'குடு' என்றார். கொடுத்தாள்.

"கொஞ்சம் கூடுதலா எடுத்து வெச்சு, லேசா அமுக்குங்கப்பா. சரியா இருக்கும்."

அப்பா ஒரு விரல் பிளாஸ்டரை வழித்தெடுத்துக் கவனமாகக் குனிந்தார். சின்னவர் உச்சியில் வைத்தார். அதன்மேல் கட்டைவிரலை வைத்தார். தச்சர் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லேசாக அமுக்கினால் சின்னவர் உயரம். கொஞ்சம் அழுத்தினால் இரண்டு பேரும் சமம். இன்னும் கொஞ்சம் அழுத்தினால்—

அப்பாவின் அந்தப் பெரிய மனது உண்மைதான். ஆனால் மனது வேறு, கட்டைவிரல் வேறு. இதற்குமேல் நான் எழுதினால் என் விரலும் சேர்ந்து அழுத்தும். நீங்கள் இரண்டு பக்கத்திலும் சேராதவர். அவர் எவ்வளவு அழுத்தினார் என்று நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரமாக. பிளாஸ்டர் இறுகிக்கொண்டிருக்கிறது.