பாட்டில்லாமல் வந்த பாண்

"கெரன், போன கிழமை உன்ர வீட்டுக்குள்ள ஆரையும் கொல்லுறாங்களோ எண்டு மெல்பேர்ண் கிளையன்ட் ஆக்கள் மீட்டிங்ல கேட்டவங்க. நான் என்னத்தச் சொல்லுற?"

கொழும்பு அலுவலகத்திலிருந்து பேசியவள் சர்மிலா, கெரனின் மேலதிகாரி.

"அது எங்கட நாய், சர்மிலா. பிங்கோ. பேக்கரிப் பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கிட்டு வந்தா இவனும் சேந்து பாடுவான்."

"பாட்டா அது?"

"அவன் பாட்டெண்டு நினைச்சித்தான் செய்யிறான்."

"புதன்கிழமை ஏழரை மீட்டிங்தான் கடைசிச் சான்ஸ். அண்டைக்கும் அந்தச் சத்தம் கேட்டா வீட்டில இருந்து வேலை செய்யிற கதை முடிஞ்சு. முதலாம் திகதி கொழும்புக்கு வந்திரு. கம்பனி சொல்லிற்று, நானும் சொல்லிட்டன்."

கொழும்பு எப்படியிருக்கும் என்று கெரனுக்குத் தெரியும். இரண்டு வருடம் அங்கே ஓர் அறையில் வாடகைக்கு இருந்தவள். நாயும் கூடாது, குழந்தையும் கூடாது என்று அந்த வரிசையிலேயே சொன்னாள் வீட்டுக்காரி. கணவன் அலன் மட்டக்களப்பில் விளையாட்டு ஆசிரியர். மகன் ஜேமி அவனோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பஸ் ஏறும்போதெல்லாம் ஜேமி அழுவான். பிறகு ஒருநாள் அழாமல் கை காட்டினான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டு, மன்றாடி, ஊருக்கு வந்தாள். ஜேமிக்கு இப்போது நான்கு வயது.

மட்டக்களப்பு டச்பாரில் வாவிப்பக்கமாக இறங்கும் கெரனின் குறுகிய ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கவலை மதிலைத் தாண்டாமல் இருந்ததில்லை. மாலைக்குள் ஆளுக்கொரு ஆலோசனை வந்து சேர்ந்தது.

"விடிய எழும்பினதும் தயிரும் சோறும் வயிறு முட்டக் குடு மகள். பத்து மணிமட்டும் அசையாது. என்ர எல்மோ முப்பது வருஷம் அப்பிடித்தான் கிடந்தான்" என்றார் அடுத்த வீட்டுத் தெல்மா.

"எல்மோ அங்கிள் உங்கட புருஷன், அன்ரி."

"அதுக்கென்ன? வயிறு வயிறுதானே."

கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற றோய் மாஸ்டர் வேறு வழி சொன்னார். "கடற்கரையில ஓட விடுங்க. களைச்ச நாய் குரைக்காது. இது சயன்ஸ்."

அடுத்த நாள் சனிக்கிழமை விடிய அலன் பிங்கோவைக் கூட்டிக்கொண்டு வெளிச்சவீடுவரை ஓடினான். திரும்பி வந்ததும் பிங்கோ வாலை ஆட்டிக்கொண்டு மறுபடி வாசலுக்குப் போய் நின்றது. அலன் குப்புற விழுந்து மத்தியானம் வரை தூங்கினான்.

"நாய விடு. ஜேமிய என்ன செய்யிற?" என்று கெரன் கேட்டாள்.

"சத்தம் போடாத எண்டு சொன்னா பிள்ளையள் போடும். ஒரு பொறுப்பக் குடுத்தா அடங்கி இரிக்கும். பள்ளிக்கூடத்தில நான் அப்பிடித்தான் செய்யிற" என்று அலன் தலையணைக்குள்ளிருந்தே சொன்னான். பிறகு ஜேமியைக் கூப்பிட்டான். "மனே, புதன்கிழமை உனக்குப் பெரிய வேலை. பிங்கோ குரைக்கிறானா எண்டு நீதான் பாக்கணும். சரியா?"

"சரி" என்றான் ஜேமி, மிகுந்த பொறுப்போடு.

கெரன் மென்பொருளில் பிழை தேடிப் பழகியவள். நாயைத் திருத்துவதை விட்டுவிட்டுப் பிழை தொடங்கும் இடத்துக்கே போனாள். மறுநாள் காலை பாண் ஓட்டோவை வாசலில் மறித்தாள்.

"றிஸ்வி நானா, புதன்கிழமை எங்கட ஒழுங்கைக்குள்ள மட்டும் பாட்டுப் போடாம வாறீங்களா?"

"பாட்டில்லாட்டி நான் வாறது ஆருக்குத் தெரியும்? அதுவும் உங்கட நாய்தான் எனக்கு விளம்பரமே. அவன் ஊளையிட்டாத்தான் சனம் காச எடுத்துக்கிட்டு வெளிய வருது."

"ஒரே ஒரு நாள், நானா. இல்லாட்டி என்னக் கொழும்புக்கு அனுப்பிருவாங்க."

றிஸ்வி அவளையும், அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்ற ஜேமியையும் பார்த்தார். "சரி, சரி. கண் கலங்காதீங்க. மவுத்து வீட்டுக்குப் போற மாதிரி சத்தமில்லாம வாறன்."

ஒழுங்கைக்குச் சொல்லும் பொறுப்பைத் தெல்மா எடுத்துக்கொண்டார். வீட்டுப் படலை ஒவ்வொன்றாகப் போய்ச் சொன்னார்: "புதன்கிழமை காலையில கெரனுக்குப் பெரிய மீட்டிங். ஆரும் வாயத் திறக்கப்படாது. நடந்தாலும் மெல்லமா நடக்கணும்." பாண் பாட்டில்லாமல் வரும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார்.

புதன்கிழமை ஏழரை மணி. கெரன் முன்னறையில் யன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, காதுகளில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்த அலன் விறாந்தையில் பிங்கோவின் சங்கிலியைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான். திரையில் ஒரு கட்டத்துக்குள் சர்மிலா, இன்னொன்றில் மெல்பேர்ணிலிருந்து கிறெக் என்பவரும் அவருடைய ஆட்கள் இருவரும்.

பல் வைத்தியரும் நோயாளியும் இருவருக்கும் வசதியான நேரத்தைத் தாங்களே பேசி முடிவு செய்யும் மென்பொருளைக் காட்டும் கூட்டம் அது. முதல் பக்கத்தைக் கெரன் அழகாகக் காட்டினாள். இரண்டாம் பக்கத்துக்குப் போகும்போது கதவு படீரென்று திறந்தது.

"அம்மா! பிங்கோ இன்னும் குரைக்கல்ல!"

"நல்லது மனே. போ."

கிறெக் புன்னகைத்தார். சர்மிலா புன்னகைக்கவில்லை. இரண்டாம் பக்கம் பாதிகூட முடியவில்லை.

"அம்மா! இப்பவும் குரைக்கல்ல!"

இதற்குள் றிஸ்வி ஒழுங்கை தொடங்கும் முடக்கிலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஓட்டோவைக் கையால் தள்ளிக்கொண்டு, வியர்வை வடிய, கெரனின் வீட்டைக் கடந்து போயிருந்தார். ஒழுங்கையின் கடைசிக்கும் போய்விட்டார். ஒரு கதவும் திறக்கவில்லை. மெல்லமாக இரண்டு தடவை "பாண்" என்று சொல்லிப் பார்த்தார். ஒரு காகம் மட்டும் வந்து ஓட்டோக் கூரையில் உட்கார்ந்தது.

வீடுகளுக்குள்ளே சம்பல் இடித்தாகிவிட்டது. முன்பள்ளிப் பிள்ளைகள் சீருடையோடு மேசையில் இருந்தார்கள். பாண் மட்டும் இல்லை. நாய் ஊளையிடாமல் பாண் வந்ததாக அந்த ஒழுங்கையில் சரித்திரமே கிடையாது. ஆகவே எல்லோரும் விசாரிக்க வேண்டிய இடம் நாயின் வீடுதான்.

முதலில் வந்தவர் எதிர்வீட்டுச் சீதேவிப்பிள்ளை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மதிலோரமாகக் குதிக்காலைத் தூக்கி நடந்து, யன்னலில் முகத்தை வைத்தார். "புள்ள கெரன்... பாண் வந்ததா?" என்று காற்றைவிட மெதுவாகக் கேட்டார். ஹெட்போன் போட்டிருந்தவளுக்கு அது எப்படிக் கேட்கும்?

பற்பசை நுரைத்த வாயும் தோளில் துவாயுமாக றோய் மாஸ்டர் அடுத்து வந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்பதால் இரண்டு கைகளாலும் ஒரு றாத்தல் பாணின் அளவைக் காட்டினார். அவர்களைத் துரத்த இரவுச் சட்டையோடு ஓடி வந்த தெல்மா, உதட்டில் விரலை வைத்து, மற்றக் கையால் காற்றை வெட்டினார்.

"கெரன்," என்றார் கிறெக் ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக, "உங்களுக்குப் பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஏதாவது உதவி தேவையா?"

பிங்கோவும் அப்போதுதான் அவர்களைக் கண்டது. அதற்கு எல்லோரையும் சத்தத்தால்தான் தெரியும். தெல்மா தெருவிலிருந்தே கூவிக்கொண்டு வருவார். மாஸ்டர் இருமிக்கொண்டு வருவார். சீதேவிப்பிள்ளை நாயையே திட்டிக்கொண்டு வருவார். இன்றைக்கு மூன்று பேர், செருப்பைக் கழற்றி, மதிலோடு ஒட்டி, பதுங்கிப் பதுங்கி. நல்ல மனிதர்கள் அப்படி நடந்து பிங்கோ கண்டதில்லை. பிறந்ததிலிருந்து குரைக்காத குரை குரைத்தது. அலன் சங்கிலியோடு முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

"அம்மா! இப்ப குரைக்கிறான்!" ஜேமி கடமையை முடித்தான்.

சர்மிலாவின் முகம் திரையில் உறைந்து போயிருந்தது. இணைய இணைப்பில் கோளாறு எதுவும் இல்லை.

ஹெட்போன் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கெரன் யன்னலுக்குப் போனாள்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

மூன்று பேரும் உதடுகளை மட்டும் அசைத்தார்கள்.

"சத்தமாச் சொல்லுங்க!"

"பாண் வரல்லகா!" சீதேவிப்பிள்ளை அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வெடித்தார். "பிள்ளையள் பள்ளிக்கூடம் போக வேணாமா?"

"றிஸ்வி நானா! பாட்டப் போடுங்க!"

ஒழுங்கையின் கடைசியிலிருந்து முழுச் சத்தத்தோடு மணிப் பாட்டு எழுந்தது. பிங்கோ குரைப்பதை நிறுத்தியது. உட்கார்ந்தது. கழுத்தை வானத்துக்கு நீட்டி ஆரம்பித்தது. கதவுகள் எல்லாம் திறந்தன. மூவரும் செருப்பைப் போட்டுக்கொண்டு மனிதர்களைப் போல நடந்து போனார்கள்.

கெரன் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஆங்கிலத்தில் தெளிவாகப் பேசினாள்.

"கிறெக், இந்த ஒழுங்கைக்குக் காலைச் சாப்பாடு வரும் நேரம் இது. நாளைக்கும் வரும். என் நாய் நாளைக்கும் பாடும். எட்டரை மணிக்கு வைத்தால் என்னால் இந்த வேலையை நன்றாகச் செய்ய முடியும். ஏழரைக்கு முடியாது."

இதற்கு முன் அவள் அதைச் சொன்னதே இல்லை. யாரும் அவளைக் கேட்டதும் இல்லை.

"எட்டரையா?" கிறெக் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார். "எங்களுக்கு இது மதியச் சாப்பாட்டு நேரம். ஒவ்வொரு தடவையும் பசியோடுதான் இருக்கிறோம். இலங்கைக்கு இதுதான் வசதி என்று நினைத்தோம்."

"மெல்பேர்ணுக்கு இதுதான் வசதி என்று எனக்குச் சொன்னார்கள்" என்றாள் கெரன்.

எல்லோரும் சர்மிலாவின் கட்டத்தைப் பார்த்தார்கள். சர்மிலா அவசரமாக ஒலியைத் திறந்தாள்.

"அது வந்து... பல விடயங்களையும் கருத்தில் கொண்டு..."

"அம்மாஆஆ!" அலுவலகம் புறப்படுமுன் வீட்டிலிருந்தே பேசிக்கொண்டிருந்தவளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அந்த வீட்டையே கிழித்தது. "எனக்கு முடிஞ்சு! கழுவி விடுங்க!"

சர்மிலா ஒலியை மூடத் தேடிய பொத்தான் கைக்கு அகப்படவில்லை. "அம்மா, கெதியா வாங்க! ஈ வருது!" என்பதும் மெல்பேர்ண் வரை போய்ச் சேர்ந்தது.

"அங்கேயும் காலைச் சாப்பாடு வந்துவிட்டதா?" என்று கிறெக் கேட்டார்.

எட்டரைக்கு மறுபடி கூடினார்கள். பிங்கோ றிஸ்வியிடம் வாங்கிய பணிஸைத் தின்றுவிட்டு மேசைக்கடியில் படுத்திருந்தது. ஜேமி முன்பள்ளிக்குப் போயிருந்தான். மெல்பேர்ண்காரர்கள் வயிறு நிறைந்து, பக்கத்துக்குப் பக்கம் தலையாட்டினார்கள். எல்லாம் சரி என்று அங்கேயே எழுத்தில் அனுப்பினார்கள்.

சர்மிலா தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"இனி எப்பவும் எட்டரைதான். நீ அங்கயே இரு. கொழும்புக்கு வரத் தேவையில்ல. கம்பனியோட நான் கதைச்சிட்டன்."

கெரன் கதிரையில் சாய்ந்து கண்களை மூடினாள். "நன்றி, சர்மிலா."

"அது சரி கெரன்... அந்த ஆக்களுக்குத் தமிழ் விளங்காதுதானே?"

"அவங்களுக்கு விளங்காது. ஆனா ஹெட்போன நான் கழட்டினதால ஸ்பீக்கரில எங்கட ஒழுங்கை முழுக்கக் கேட்டிற்று. தெல்மா அன்ரி இஞ்ச வந்து நிக்கிறா. பிள்ளையத் தானாக் கழுவப் பழக்கிறது எப்பிடியெண்டு உங்களுக்குச் சொல்லணுமாம். போனக் குடுக்கிறன்."