மலாகா, அலிகாந்தே, எட்டு மில்லிமீட்டர்

என் அக்கா சோல்வி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். அதனால் விடுமுறைக்கும் அவளுக்கு ஒரு கால அட்டவணை வேண்டும். மார்ச் முதல் வாரம் நாங்கள் இருவரும் ஸ்பெயினுக்குப் போவதாக இருந்தோம். மலாகாவில் மூன்று நாள், அலிகாந்தேயில் இரண்டு, வாலென்சியாவில் மூன்று. அட்டவணை அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. 8.40 காபி. 9.15 கடற்கரை. 12.05 நிழல் இல்லாத மேசையில் சாப்பாடு. 'நிழல் இல்லாத' என்பதன் கீழ் இரண்டு கோடு.

ஜனவரியில், வட நார்வேயில் இருக்கும் எங்கள் திரோம்சோவில் இதைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள். நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் போன சூரியன் இன்னும் திரும்பியிருக்கவில்லை. நண்பகலில் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம் வரும், பிறகு அதுவும் போய்விடும். அந்த இருட்டில்தான் அக்கா தினமும் எட்டு மணி நேரம் பனிச் சாலையில் ஓட்டுகிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோடை உடைகளை எல்லாம் சோபாவில் கொட்டி வைத்திருந்தாள். மஞ்சள் கவுன் ஒன்றை மாட்டிக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றாள்.

"ஹெர்டிஸ், ஜிப்பை இழு. ஏறலைன்னா பொய் சொல்லு."

இழுக்கப் போன கை நின்றது. இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒரு மச்சம். பாதி பழுப்பு, பாதி கறுப்பு. ஒரு ஓரம் கடித்த பிஸ்கட் மாதிரி உள்ளே போயிருந்தது.

நான் மருத்துவமனையின் திசு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். உடலிலிருந்து வெட்டி எடுத்தவை சிறிய டப்பாக்களில் வரும். அவற்றை மெழுகில் பதித்து, மெல்லிதாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போடுவது என் வேலை. என்ன நோய் என்று சொல்வது மருத்துவர்கள் வேலை. ஆனால் நான்கு வருடமாகப் பார்க்கிறேன். சில டப்பாக்களைத் திறந்ததும் இது தோல் புற்றுநோய் என்று தோன்றிவிடும். அக்காவின் முதுகைப் பார்த்தபோதும் அப்படித்தான் தோன்றியது.

"என்ன, ஏறலையா?"

"ஏறுது," என்றேன். இழுத்து மூடினேன்.

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டால், அப்பாவின் கால் நகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்தபோது அவருடைய கட்டைவிரல் நகத்தின் அடியில் கறுப்பாக ஒரு கோடு பார்த்தேன். புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டி எல்லோரையும் பயமுறுத்திவிட்டேன். அம்மா இரண்டு இரவு தூங்கவில்லை. மருத்துவர் பார்த்துவிட்டு, "இது மேல என்ன விழுந்துச்சு?" என்று கேட்டாராம். உறைந்த காட் மீன். அப்பாவே மறந்துபோயிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் நான் நகம் டாக்டர். கிறிஸ்துமஸ் மேசையில் யாராவது இருமினால்கூட எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள்.

அதனால் சுற்றி வளைத்தேன். ஸ்பெயினின் வடக்குக் கடற்கரையும் நன்றாக இருக்குமே என்றேன். சான் செபஸ்தியான், கிஹோன்.

அக்கா போனில் வானிலை பார்த்தாள். "மார்ச்சுல பதினாலு நாள் மழை. மழைல நனையறதுக்கு ஏன்டி ஸ்பெயின் வரைக்கும் போகணும்? வாசல்ல போய் நில்லு."

"அருங்காட்சியகம் எல்லாம் இருக்காம்."

"உள்ள உக்காந்தது போதும். ரெண்டு மாசமா நான் ஒரு மனுஷன் முகத்தைக்கூட வெளிச்சத்துல பாக்கல. கண்ணாடியில பயணிங்க எல்லாம் பிணம் மாதிரி இருக்காங்க." பிறகு என்னைப் பார்த்தாள். "உனக்கு என்னோட வர இஷ்டமில்லையா?"

"இருக்கு."

"அப்ப வாயை மூடிக்கிட்டு தொப்பி வாங்கு."

அன்று மாலை அவள் இன்னொன்றும் சொன்னாள். சோலாரியத்துக்குப் பத்து முறைக்கான அட்டை வாங்கிவிட்டாளாம். செவ்வாயும் வெள்ளியும். எங்கள் ஊரில் தெற்கே போகிறவர்கள் பலரும் செய்வதுதான். முதல் நாளே வெயில் சுட்டுவிடாமல் இருக்க, செயற்கை ஒளிப் படுக்கையில் படுத்து முன்கூட்டியே தோலைப் பழக்குவது. அது தோலைக் காப்பாற்றாது, கெடுக்கத்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் படிக்கும் காலத்தில் நானும் அவளோடு போய்ப் படுத்திருக்கிறேன்.

செவ்வாய் போனாள். நான் சொல்லவில்லை. வெள்ளியும் போனாள். தடவைக்குப் பன்னிரண்டு நிமிடம்.

ஜனவரி இருபத்தொன்றில் சூரியன் வந்தது. ஊரில் எல்லோரும் அன்று ஜாம் வைத்த பன் சாப்பிடுவார்கள். நானும் நான்கு பன் வாங்கிக்கொண்டு அக்காவின் பேருந்தில் ஏறி அவளுக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். கடைசி நிறுத்தத்தில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வாக்கியத்தைக்கூட எழுதி வைத்திருந்தேன்.

பாலம் தாண்டியதும் ஒரு நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி மைக்கை எடுத்தாள். "இடது பக்கம் பாருங்க. ஒரு நிமிஷம் தாமதமாகும். புகார் பண்றவங்க சூரியன்கிட்ட பண்ணிக்கோங்க."

மலைகளுக்கு இடையில் ஒரு ஆரஞ்சுக் கீற்று. பேருந்து முழுக்க முகங்கள் சிவந்தன. யாரோ கை தட்டினார்கள். அக்கா கண்களை மூடி ஜன்னல் பக்கம் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய கழுத்துக்குப் பின்புறம் நான்கு விரற்கடை தூரத்தில் இருந்தது. சீருடைக்குக் கீழே அந்த மச்சம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

கடைசி நிறுத்தத்தில் இரண்டு பன்களை அவளிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பழைய படங்களைத் தேடினேன். போன ஜூலையில் படகுத்துறையில் எடுத்த படம் ஒன்று இருந்தது. அக்கா நீச்சல் உடையில் முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். மச்சம் இருந்தது. சின்னதாக, வட்டமாக, ஒரே நிறத்தில். எவ்வளவு சின்னது என்று தெரிய ஓர் அளவுகோல் வேண்டும். மறுநாள் அவள் வீட்டுக்குப் போய், அவள் குளிக்கும்போது சோபாவிலிருந்து அந்த நீச்சல் உடையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். தோள் பட்டையின் அகலம் பன்னிரண்டு மில்லிமீட்டர். படத்தில் மச்சம் அதில் மூன்றில் ஒரு பங்கு. நான்கு மில்லிமீட்டர்.

ஜிப்பை இழுத்தபோது அது என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் சிறியதாக இருந்தது. நகத்தை அளந்தேன். ஒன்பது.

மூன்று முறை கணக்குப் போட்டேன். ஒவ்வொரு முறையும் தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. சோலாரியத்தில் வரவேற்பு மேசைக்கு யாரும் கிடையாது, அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும். அக்கா அறைக் கதவில் கை வைத்திருந்தபோது போய்ச் சேர்ந்தேன். சட்டைப் பொத்தான் பாதி கழற்றியிருந்தாள்.

"அக்கா, உள்ள போகாத."

"நீயும் கறுக்கணுமா? வரிசையில நில்லு."

"உன் முதுகுல ஒரு மச்சம் இருக்கு."

"கண்டுபிடிச்சிட்டியா. அது எனக்குப் பத்து வயசுலேந்து இருக்கு."

"ஜூலையில நாலு மில்லிமீட்டர். இப்ப எட்டு."

அவள் சிரித்தாள். "நகம் டாக்டர் திரும்பி வந்தாச்சு. அம்மாவுக்கு ஃபோன் பண்ணிட்டியா, இல்ல இனிமேதானா?"

எழுதி வைத்திருந்த வாக்கியம் ஞாபகம் வரவில்லை. பையைத் திறந்து அளவுகோலை எடுத்தேன். அதோடு நீச்சல் உடையும் வெளியே வந்து தரையில் விழுந்தது.

"இதை எதுக்குடி திருடினே? நேத்துலேந்து வீடு பூரா தேடறேன்."

"பட்டையை அளக்கறதுக்கு."

அக்கா அதை எடுத்து மடித்தாள். மெதுவாக மடித்தாள். உள்ளே இயந்திரம் அவளுக்காக ஓடத் தொடங்கிவிட்டது. கதவுக்கு அடியில் ஊதா வெளிச்சம்.

"கணக்கு சரியாப் போட்டியா?"

"மூணு தடவை."

பொத்தானைப் போட்டுக்கொண்டாள். கண்ணுக்கு வைக்கும் சின்ன மூடிகளைப் பைக்குள் போட்டாள். "தப்பா இருந்துச்சுன்னா," என்றாள், "உன்னை அலிகாந்தேயில விட்டுட்டு வந்துடுவேன்."

அடுத்த வியாழக்கிழமை அவளுடைய மருத்துவர் அதை வெட்டி எடுத்தார். இரவு என்னைக் கூப்பிட்டாள். "நல்லா பேசினார். ஸ்பெயின்ல எங்க தங்கறோம், என்ன சாப்பிடப்போறோம்னு எல்லாம் கேட்டார். அவர் மனைவிக்கு வாலென்சியா பிடிக்குமாம்."

"மச்சத்தைப் பத்தி என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. அவ்வளவு பேசினவர் அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை, ஹெர்டிஸ்."

திங்கள் காலை டப்பா என் மேசைக்கு வந்தது. நீல மூடி. பிறந்த தேதி, பெயர், எங்கள் குடும்பப் பெயர். மருந்து நீரில் இலை வடிவத்தில் ஒரு துண்டுத் தோல் மிதந்தது. சொந்தக்காரர்களுடையதை நாங்கள் தொடக்கூடாது. எதிர் மேசையில் இருந்த தோரிலிடம் நகர்த்தினேன். அவர் என்னைவிட இருபது வயது மூத்தவர்.

"இதை நீங்க எடுத்துக்கறீங்களா?"

சீட்டைப் படித்தார். "அம்மாவா?"

"அக்கா."

"சரிம்மா," என்றார். அன்று முழுக்க டப்பாவை நான் பார்க்காதபடி தன் இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டார்.

முடிவு கணினியில் வரும். அக்காவின் பதிவைத் திறக்க எனக்குப் பத்து வினாடி போதும். ஆனால் யார் எதைத் திறந்தார்கள் என்று இயந்திரம் குறித்துக்கொள்ளும். காரணமில்லாமல் திறந்தால் வேலை போகும். செவ்வாய் மாலை எல்லோரும் போன பிறகு அவளுடைய அடையாள எண்ணில் ஆறு இலக்கம் தட்டினேன். மீதி ஐந்தும் மனப்பாடம். சுட்டுவிரல் விசையின் மேலேயே இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக அழித்தேன். பயம் வேலை போகும் என்பதால் மட்டும் இல்லை. தெரிந்துவிட்டால் அக்காவிடம் எந்தக் குரலில் பேசுவது என்று தெரியவில்லை.

தோரில் தினமும் சாப்பாட்டு அறையில் எனக்கு எதிரே உட்கார்வார். ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியை என் பக்கம் வைப்பார். நான்கு வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. வியாழக்கிழமை அவர் உள்ளே வந்தார், என்னைப் பார்த்தார், ஜன்னலோர மேசைக்குப் போய் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். ஆரஞ்சை எடுக்கவே இல்லை.

என் தட்டில் இருந்த ரொட்டியை மென்றேன். முடிவு தெரிந்திருந்தாலும் விதிப்படி அவர் சொல்லக்கூடாது.

அன்று மாலை அக்கா என்னை வரச் சொன்னாள். அட்டவணை மேசையில் இருந்தது. கையில் பென்சில். முதுகில் தையல் இருந்ததால் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தாள்.

"வாலென்சியா, மூணாவது நாள். காலியா இருக்கு. கடலா, சந்தையா?"

"சந்தை."

"ஏன்?"

"மேலே கூரை இருக்கு."

பென்சில் நின்றது. "முடிவு வந்துடுச்சா?"

"நான் பாக்கலை."

"அதை நான் கேக்கலை."

"சத்தியமா நான் பாக்கலை, அக்கா."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்ன வயதில் நான் எதை ஒளித்தாலும் அவள் இப்படித்தான் பார்ப்பாள். "சரி. அப்ப கடல்னு எழுதறேன். எழுதட்டுமா?"

எழுது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அட்டவணையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தேன். ஃப்ரிட்ஜ் உறுமி நின்றது. அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"சூப் இருக்கு, சாப்பிட்டுப் போ," என்றாள்.

மறுநாள் பதினொன்றரைக்கு ஆய்வகத் தாழ்வாரத்தில் போன் அடித்தது. பின்னால் பேருந்தின் இயந்திரச் சத்தம் கேட்டது.

"கடைசி நிறுத்தத்துல இருக்கேன். நாலு நிமிஷம் இருக்கு. டாக்டர் கூப்பிட்டார். அதேதான்." மூச்சு விட்டாள். "ஆழம் பூஜ்யம் புள்ளி நாலுன்னார். அது பெருசா?"

"திருப்பிச் சொல்லு."

"பூஜ்யம் புள்ளி நாலு. மில்லிமீட்டர். ஏன்டி பேச மாட்டேங்கறே?"

சுவரில் சாய்ந்துகொண்டேன். ஒன்றுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் பரவியிருக்காது. ஒன்றுக்கு நிறையவே கீழே. "சின்னது," என்றேன். "ரொம்பச் சின்னது, அக்கா."

"சுத்தி இன்னும் கொஞ்சம் அகலமா வெட்டணுமாம். அப்புறம் அடிக்கடி வந்து காட்டணுமாம். மார்ச் முதல் வாரம் தேதி குடுத்திருக்கார்." கொஞ்சம் நிறுத்தினாள். "அதே வாரம். பாத்தியா, என் அட்டவணையை ஒருத்தரும் மதிக்கறதில்லை."

பிறகு அழுதாள். நான்கு நிமிடம் முடிந்ததும் வண்டியைக் கிளப்பினாள்.

தோரில் அன்று என் எதிரே வந்து உட்கார்ந்தார். ஆரஞ்சை உரித்தார். பாதியை என் பக்கம் வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனபோது ஃப்ரிட்ஜில் புது அட்டவணை இருந்தது. அக்டோபர். அதே மூன்று ஊர். 12.05 நிழலில் சாப்பாடு. அதன் கீழும் இரண்டு கோடு. தொப்பி இரண்டு என்று ஓரத்தில் எழுதியிருந்தாள்.

"ஸ்வெட்டரைக் கழட்டு," என்றாள் அக்கா.

"எதுக்கு?"

"நீயும் என் கூடத்தான் அந்தப் படுக்கையில படுத்தே. அதே படகுத்துறையில என்னோடதான் வெந்தே. உன் முதுகை இதுவரைக்கும் யாரு பாத்திருக்கா?"

யோசித்தேன். நான் தனியாக இருக்கிறேன். யாரும் பார்த்ததில்லை. வாரம் நூறு டப்பா திறக்கும் எனக்கு என் முதுகு எப்படி இருக்கும் என்று தெரியாது.

கழற்றிவிட்டுத் திரும்பி நின்றேன். மேசை விளக்கை அவள் அருகில் இழுக்கும் சத்தம் கேட்டது. சோலாரியத்தில் நான் விட்டுப்போன அளவுகோலை எடுத்திருந்தாள். தோளில் ஓர் இடத்தில் சில்லென்று பட்டது. பிறகு கொஞ்சம் கீழே. பிறகு இடுப்புக்கு மேல் ஓர் இடத்தில் பட்டு, அங்கேயே நின்றது.

எனக்கு நேர் எதிரே அட்டவணை. 8.40 காபி. 9.15 கடற்கரை, குடையோடு. மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

"அக்கா?"

"பேசாம இரு," என்றாள். "அளந்துக்கிட்டிருக்கேன்."