பரியாரி சொன்னது

யாழ்ப்பாணத்துக் குருநகரில் காலால் பந்தடிக்கத் தெரியாதவனைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அந்த ஊரிலேயே கெட்டிக்காரன் என்று பெயரெடுத்து, கொழும்பு அணி ஒன்றுக்கு விளையாடப் போனவர் பேதுரு. முழங்கால் வீங்கியிருந்த அவரை அங்கிருந்த கோச் ஓர் இறுதியாட்டத்தில் இறக்கினான். அதோடு காலும் போயிற்று, ஆட்டமும் போயிற்று. ஊருக்குத் திரும்பித் தானும் கோச்சான பிறகு, அந்த மனுசனைத் திட்டாமல் பேதுரு ஒருநாளும் சோறு தின்றதில்லை.

எழுபத்திரண்டில் கோயில் பெருநாள் கிண்ணத்துக்குப் பருத்தித்துறை அணியோடு இறுதியாட்டம். அந்த நேரம் பார்த்து, பயிற்சியில் செல்வரட்ணத்தின் முழங்கால் திரும்பிவிட்டது. கோல் அடிக்க அவனை விட்டால் ஆளில்லை. பேதுருதான் அவனை முறிவு வைத்தியம் பார்க்கும் புத்தூர்ப் பரியாரியிடம் கூட்டிக்கொண்டு போனார். பரியாரி எண்ணெய் போட்டுக் கட்டிவிட்டு, பேதுருவை மட்டும் வெளியே அழைத்தார். ஒரு மாதம் காலை ஊன்றவே கூடாது, மீறினால் ஆயுசுக்கும் கெந்தித்தான் நடக்கவேண்டும் என்றார்.

திரும்பும்போது பஸ்சில் செல்வரட்ணம் கேட்டான். "பரியாரி என்னவாம், அண்ணை?"

"ரெண்டு நாள் ஆறி இருந்தால் காணுமாம், பிறகு விளையாடலாமாம்," என்றார் பேதுரு. நாக்குக் கூசவில்லை. கிண்ணம் கண்ணை மறைத்திருந்தது.

செல்வரட்ணம் விளையாடினான், கோலும் அடித்தான், அடித்த இடத்திலேயே விழுந்தான். சனம் பேதுருவைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில்வரை போனது. அவனை நாலு பேர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள்.

பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை. கரையில் காலை நீட்டியிருந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்தினான். பேதுரு அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போவார். கொழும்புக் கோச்சைத் திட்டுவதையும் விட்டுவிட்டார். வாயைத் திறந்தால் தன் முகம்தான் முன்னால் வந்து நின்றது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், சுவாமியாரிடம் சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழும்பி வந்தார். உலகத்தில் தன்னைப்போல ஒரு கோழை இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு பின்னேரம் மனம் பொறுக்காமல், உண்மையைச் சொல்லிவிடுவதென்றே அவனிடம் போனார். அவர் வாயெடுக்குமுன் செல்வரட்ணம் முந்திக்கொண்டான்.

"உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும், அண்ணை. அந்த ரெண்டு நாளும் நான் ஆறி இருக்கேல்லை. அம்மாவுக்குத் தெரியாமல் எழும்பிப் போய்ப் பந்தடிச்சுப் பாத்தனான். பிழை என்னிலைதான். சனம் உங்களைக் குறை சொல்லேக்கை நான் விடுறேல்லை."

தனக்காக ஊரோடு சண்டை பிடிக்கிறவனின் முகத்தைப் பார்க்க முடியாமல் பேதுரு வலையைப் பார்த்தார்.

"நீங்கள் சொன்னதைக் கேட்டு ஆறியிருந்தால் இண்டைக்குக் கால் இருந்திருக்கும், என்ன அண்ணை?"

"ஓம்," என்றார் பேதுரு.