கம்ப்யூட்டருக்குத் தண்ணீர்க் கூலர்

மூன்றாவது தடவையும் கம்ப்யூட்டர் பாதி வேலையில் அணைந்தது. மேகலா மேஜையில் கவிழ்ந்துகொண்டாள்.

பெங்களூர் கம்பெனி ஒன்று அவளுக்குப் பரீட்சை வைத்திருந்தது. ஒரு மோட்டார் பாகம் பாகமாகக் கழன்று மறுபடி பூட்டிக்கொள்வதுபோல வீடியோ செய்ய வேண்டும். சனிக்கிழமை ஐந்து மணிக்குள் அனுப்பினால் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. இல்லாவிட்டால் அவள் பெங்களூரில் ஏற்கெனவே கிடைத்த இன்னொரு வேலைக்குப் போய் ஹாஸ்டலில் தங்க வேண்டியதுதான்.

நான் விளாத்திகுளத்துக்காரன். ஓசூருக்கு வந்து பல வருஷம் தனியாகச் சாப்பிட்டவன். மேகலாவைக் கல்யாணம் செய்த அப்புறம்தான், ஷிப்ட் முடிந்து ஜூஜுவாடி வீட்டுக்கு வரும்போது எங்கள் ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது.

படம் எல்லாம் தயார். அதை வீடியோவாக மாற்றும்போதுதான் கம்ப்யூட்டர் கொதித்து அணைந்தது. தண்ணீர் ஓடும் கூலர் போட்டால் தாங்கும் என்றார் கடைக்காரர். வாங்கி வந்தேன்.

"கடையில இருந்தே ஆள வரச் சொல்லலாங்களே," என்றாள்.

"நாள் பூரா ஸ்குரூ முடுக்குதவன் நான். எனக்கு ஆளா?"

"நீங்க முடுக்கறது கார் டேஷ்போர்டுங்க. இது என் பொழப்பு."

முடுக்கினேன். பழைய ஃபேனைக் கழற்றி, சிப்பின்மேல் பேஸ்ட் தடவி, பம்பைப் பூட்டி, ரேடியேட்டரைப் பெட்டியின் மேல்பக்கம் மாட்டினேன். ஸ்விட்சைப் போட்டதும் விளக்கு நீலமாக எரிந்தது. மேகலா கைதட்டினாள். வீடியோவை ஓடவிட்டவுடனே சூடு தொண்ணூற்றெட்டு டிகிரி. அணைந்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் மணி இரண்டு.

"முன்னாடியாவது பாதி வரைக்கும் ஓடுச்சு," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

பம்பில் காதை வைத்தேன். ஓடுகிற சத்தம் கேட்டது. ரேடியேட்டரைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

"தண்ணி ஓடுது. சூடுதான் அதுல ஏறல."

"அப்ப நடுவுல என்னுமோ தடுக்குது. கழட்டுங்க."

கழற்றினேன். பம்பின் அடியில் செம்புத் தகடு. அதன்மேல் பேஸ்ட் அப்பிய கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள். மேகலா நகத்தால் நெம்பினாள். முழுசாக உரிந்து வந்தது.

"ஏங்க, இத உரிக்காமயா மாட்னீங்க?"

"பாத்தேன். ஃபிலிம உரிக்கது எங்க வேல இல்லல்லா? எங்க லைன்ல டேஷ்போர்டு ஃபிலிம்ல கை வச்சா சூப்பர்வைசர் கத்துவாரு. கடேசி ஸ்டேஷன்லதான் உரிப்பாங்க."

"இந்த வீட்ல கடைசி ஸ்டேஷன் யாருங்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கையிலிருந்த பேஸ்ட் கன்னத்தில் சாம்பல் நிறமாக ஒட்டியது. "ஆடாத பிள்ள," என்று என் பனியன் நுனியால் துடைத்துவிட்டேன்.

தகட்டையும் சிப்பையும் சுத்தம் செய்து, புதுசாகப் பேஸ்ட் தடவி மறுபடி பூட்டினோம். இந்த முறை டார்ச் அடித்தது அவள். சூடு அறுபதைத் தாண்டவில்லை. இருவரும் சாப்பிடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் வீடியோ போய்ச் சேர்ந்தது.

ஆறரைக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மேகலா எழுந்து நின்று கன்னடத்தில் பேசினாள். எனக்குக் கன்னடம் அவ்வளவாக வராது. அவள் முகத்தையே பார்த்தேன். அதிலும் ஒன்றும் பிடிபடவில்லை.

"ஹௌது சார். மனெயிந்தானே மாட்தீனி."

மனெ என்றால் வீடு. அது மட்டும் எனக்குப் புரிந்தது. எழுந்துபோய் உலை வைத்தேன், இரண்டு பேருக்கு.