எண்ணெய் போகும் வழி

வேலை நடக்கும் விதத்தைப் படமாகப் போடக் கற்றுக்கொள்ள ஷர்மினியை அனுப்பியதே முதலாளி ரமணன்தான். அந்த மனிதரின் முகத்தை நினைத்தாலே இப்போதும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

பெர்மாஸ் ஜெயாவில் அவருக்கு ஒரு கேட்டரிங் கடை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, தொழிற்சாலை கேண்டீன் என்று எந்நேரமும் அடுப்பு எரியும். ஷர்மினி அங்கே ஆபீஸைப் பார்த்துக்கொண்டாள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாள் கோயில் அன்னதானம் மூன்று வருடமாக ரமணன் கையில்தான். இந்த வருடம் கோயிலுக்குப் புதுத் தலைவராகக் கமலநாதன் வந்தார். சிங்கப்பூரில் தரக் கட்டுப்பாட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர். வந்ததும் வராததுமாக, "சமையல் எப்படி நடக்குதுன்னு படம் போட்டுக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்றார். ரமணன் நேரே ஷர்மினியைக் கூப்பிட்டார்.

"நீ போய்ப் படிச்சிட்டு வா லா, ஷர்மினி. கலர் கலரா போடு. அதப் பாத்து அவரு வாய மூடிக்கணும்" என்று ஜோகூர் பாருவில் ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டார்.

வகுப்பு எடுத்தவர் ரூபேந்திரன். மெல்லிய வட்டம் போட்டால் ஆரம்பம், தடித்த வட்டம் போட்டால் முடிவு. நடுவில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம். 'இப்படியா, அப்படியா' என்று பாதை பிரிகிற இடத்தில் சாய்சதுரம். வேலையை யார் செய்கிறார்களோ அவரவருக்கு ஒரு நீளப் பட்டை, அதற்குப் பெயர் லேன். எந்த நாட்டுக்காரன் பார்த்தாலும் இந்தக் குறிகளைப் படித்துவிடுவானாம். ஷர்மினிக்குப் பிடித்துப்போயிற்று. முதல் பயிற்சியாக, அம்மா புஷ்பவள்ளி தேத்தண்ணி கலக்குவதைப் படமாகப் போட்டாள். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீனி போடுறதுக்கு ஒரு கேள்வியாடி?" என்று சிரித்தாள்.

"நடக்கிறதப் போடுங்க, நடக்கணும்னு நெனைக்கிறதப் போடாதீங்க. அது வேற படம்" என்று ரூபேந்திரன் வகுப்பில் அடித்துச் சொன்னார். "போட்டு முடிச்சதும் ஏதாவது ஒரு பொருளப் பிடிச்சுக்குங்க. அது கூடவே ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் நடந்து பாருங்க. எங்கயாச்சும் வழி தெரியாம நின்னுச்சுன்னா, யாரையோ நீங்க கேக்காம விட்டுட்டீங்கன்னு அர்த்தம்."

ஷர்மினி கடைச் சமையலைப் போட்டாள். மேலே சைவ லேன், கீழே அசைவ லேன். பார்க்க எவ்வளவு லட்சணமாக இருந்தது! உளுந்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்: ஊறியது, அரைபட்டது, வடையானது, வெந்தது, கோயிலுக்குப் போயிற்று. எங்கும் தடங்கல் இல்லை. பிறகு எண்ணெயைப் பிடித்தாள். அது வடைக் கட்டத்துக்குள் திடீரென்று வந்து நின்றது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

சமையலறைக்குப் போய்த் தலைமைச் சமையல்காரி காளியம்மாவைக் கேட்டாள்.

"காளிக்கா, வடை சுடுற எண்ணெய் எங்கேர்ந்து வருது?"

"நேத்து எண்ணெயத்தான் வடிகட்டி வச்சிருக்கோம்ல. கொறஞ்சா மேல புதுசு ஊத்திக்குவோம்."

"நேத்து அதுல என்ன பொரிச்சீங்க?"

"கேண்டீன் கோழி. அதான் தெனமும் போகுதே" என்றாள் காளியம்மா, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமலே. அடுப்பிலிருந்த இரும்பு வாணலியைத் தாடையால் காட்டினாள். "அந்தப் பெரிய குவாலி ஒண்ணுலதான் எல்லாம். ஏன் லா, என்னாச்சு?"

ஷர்மினி வடிகட்டிய எண்ணெய் டின்னைத் திறந்து பார்த்தாள். கறுத்த எண்ணெயின் மேல் சுருண்டுபோன ஒரு கோழித்தோல் மிதந்தது. சீ! புரட்டாசிச் சனிக்கிழமைதோறும் மிச்ச வடையை வாழையிலையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனவள் அவள்தானே! சின்ன வயதில் டெங்கியில் அவள் சாகக் கிடந்தபோது அம்மா வேண்டிக்கொண்டது புரட்டாசி விரதம். புரட்டாசி பிறந்தால் புஷ்பவள்ளி முட்டை சேர்ந்த பிஸ்கட்டைக்கூடத் தொடமாட்டாள். கடையில் நின்று பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுத்தான் வாங்குவாள். அப்பேர்ப்பட்டவள், "பெருமாள் பிரசாதம்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றது இந்தக் கண்றாவியை!

"கோயிலுக்குப் போறதுன்னு தெரியும்ல உங்களுக்கு?"

"நான் சொன்னா பாஸ் கேப்பாரா?"

"அவரு வீட்டுக்கும் இதுலதான் போகுதா?"

"அலமாக்! அவங்க வீட்டுக்குத் தனியா சின்னக் குவாலி இருக்கு. புது எண்ணெய். பாஸ் சம்சாரம் சொர்ணம் அம்மா அதுல ரொம்பக் கறார். பாஸும் இந்த மாசம் பெரிய குவாலிப் பண்டத்த விரலாலகூடத் தொட மாட்டாரு."

ஆக, தெரிந்தேதான்! கஞ்சத்தனம், கவனக்குறைவு என்று ஏதாவது சொல்லி மனதை ஆற்றிக்கொள்ளவும் வழியில்லாமல் போயிற்று.

அன்றே படத்தைத் திருத்தினாள். அசைவ லேனிலிருந்து சைவ லேனுக்கு எண்ணெய் ஏறுகிற இடத்தில் சிவப்பு அம்பு. கீழே புதிதாக ஒரு லேன்: முதலாளி வீடு. எடுத்துப் போய் ரமணனின் மேசையில் வைத்தாள்.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "எண்ணெய்க்கு ஏது சைவம், அசைவம்? அந்தச் சூட்டுல எல்லாம் எரிஞ்சு போயிரும் லா."

"அப்ப உங்க வீட்டுக்கு மட்டும் எதுக்குத் தனிக் குவாலி?"

"அது பொம்பளைங்க மனசுக்காக. இந்தக் கோட்ட அழி. ரெண்டு லேனும் ஒட்டாம நிக்கணும். ஞாயித்துக்கிழமை கோயில் கமிட்டி வருது, சேம்பிள் வடைய சின்னக் குவாலியில சுடச் சொல்லிட்டேன்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்கம்மா விரதம் இருக்காங்கல்ல? இனிமே அவங்களுக்கும் சின்னக் குவாலியிலேயே சுட்டுத் தரச் சொல்றேன். போதுமா?"

தூ! அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. கோயில் வரிசையில் தட்டேந்தி நிற்கிற அத்தனை பேருக்கும் கோழி எண்ணெய், அவள் அம்மாவுக்கு மட்டும் சலுகை. அதைவிட அருவருப்பு என்னவென்றால், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, 'சரி' என்று அவள் மனசு தலையாட்டியதே, அதுதான். படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

ரூபேந்திரனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். வகுப்பில் அத்தனை வீராப்பாகப் பேசியவர், "கிளையண்ட் கேக்கறத போட்டுக் குடுத்துருங்கம்மா. நமக்கு ஏன் வம்பு" என்றார். அவரும் லட்சணம்தான்!

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி வந்தது. புரட்டாசி பிறந்துவிட்டதால் எல்லோருமே சுத்த சைவம். கமலநாதன் நடுவில் உட்கார்ந்தார். ரமணன் பட்டை பட்டையாகத் திருநீறு பூசி, வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். ஷர்மினி படத்தைச் சுவரில் ஒட்டினாள். சிவப்பு அம்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

"இது அரிசி போற வழி, இது பருப்பு போற வழி" என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தாள். "இது எண்ணெய் போற வழி. கேண்டீன் கோழியப் பொரிச்சு முடிச்சு, வடிகட்டி, மறுநாள் கோயில் வடைக்கு வருது."

கமலநாதன் மெல்லத் திரும்பினார். "ரமணன், இது உண்மையா?"

"ஐயோ, தலைவரே! புதுசா படிக்கிற பொண்ணு, கோட்ட மாத்திப் போட்டுருச்சு. எங்க கடையில சைவம் தனி, அசைவம் தனி. பெருமாள் மேல சத்தியம்!"

ஷர்மினி உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்தாள். கமிட்டிக்காரர்கள் யாரிடமும் நீட்டாமல் நேரே ரமணன் முன்னால் வைத்தாள்.

"இது பெரிய குவாலி வடை, பாஸ். காலையில கேண்டீன் எண்ணெயில சுட்டது. கோயிலுக்குப் போறது இதுதான். தனித்தனின்னா நீங்க சாப்பிடலாமே."

ரமணன் அவளை முறைத்தார். பிறகு கமலநாதனைப் பார்த்தார். புரட்டாசி நான்கு சனிக்கிழமை ஆர்டரும் அந்தத் தட்டில் உட்கார்ந்திருந்தது. "இதுல என்ன இருக்கு" என்று சிரித்தபடி எடுத்து ஒரு கடி கடித்தார்.

மென்றார். மென்றுகொண்டே இருந்தார். முகம் வெளுத்து, நெற்றித் திருநீற்றில் வேர்வை இறங்கியது. வாய் அசைந்ததே தவிர, தொண்டை அசையவில்லை. கமிட்டிக்காரர்கள் அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முழுங்குங்க ரமணன்" என்றார் கமலநாதன்.

கையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் எழுந்து ஓடினார். கை கழுவும் தொட்டியில் காறிக் காறித் துப்பும் சத்தம் கேட்டது. குழாயைத் திறந்து கொப்பளித்தார், விரலை விட்டு நாக்கை வழித்தார், மறுபடியும் கொப்பளித்தார். கமலநாதன் எழுந்தார். மற்றவர்களும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார்கள்.

ஷர்மினி தொட்டிப் பக்கம் போய் நின்றாள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. தாடையில் எச்சில் ஒழுக நின்ற அந்த மனிதரைப் பார்க்கப் பார்க்க அருவருப்புதான் மிஞ்சியது. இதை வீட்டில் போய் எந்த வாயால் சொல்வது என்பதும் தெரியவில்லை.

ரமணன் தலையைத் தூக்கி, மூச்சிரைக்க, "உனக்கு நான் என்னடி கெடுதல் செஞ்சேன்?" என்றார்.

"எங்கம்மா மூணு வருஷமா முழுங்கினாங்க, பாஸ்" என்றாள் ஷர்மினி.